டாப்-அப் பாலிசியை முழுக் காப்பீடு என்று விற்கிறார்கள், கவனம்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் இருக்கிறவர்கள் அவசியம் படியுங்கள். "வருஷத்துக்கு நாலாயிரம் கட்டினால் போதும், பத்து லட்சத்துக்கு மருத்துவக் காப்பீடு" என்று கடை கடையாக ஏறி விற்கிறார்கள். எங்கள் அப்பச்சியிடமும் அப்படித்தான் கல்லுக்கட்டி கடைக்கே வந்து எழுதி வாங்கிப் போனார் ஒரு ஏஜென்ட். "மத்த பாலிசிக்கெல்லாம் முப்பதாயிரம் கேப்பாங்க அண்ணே, இதுல உங்க பணம் உங்க கையில, எங்க பாக்கணும்னு நீங்களே முடிவு பண்ணலாம்" என்றார். அது டாப்-அப் பாலிசி, அதில் 3 லட்சம் டிடக்டிபிள் இருக்கிறது என்று மூச்சு விடவில்லை.

டிடக்டிபிள் என்றால் அந்தத் தொகை வரைக்கும் பில் நம் தலையில். அதைத் தாண்டினால்தான் கம்பெனி தரும். ஏற்கெனவே 3 லட்சத்துக்கு ஒரு பாலிசி வைத்திருப்பவருக்கு இது நல்ல திட்டம்தான். கையில் வேறு எதுவுமே இல்லாதவரிடம் இதைத் தள்ளிவிடுவது பச்சை மோசடி.

அப்பச்சிக்கு நெஞ்சு வலி வந்து மதுரையில் சேர்த்து ஸ்டென்ட் (ரத்தக் குழாய் அடைப்பை விரித்து வைக்கும் சிறு குழாய்) வைத்தோம், பில் 2,20,000. கொஞ்ச நாளில் மூச்சுத் திணறல் என்று திரும்பச் சேர்த்தபோது 1,80,000. மொத்தம் 4 லட்சம் ஆகிவிட்டதே, ஒரு லட்சமாவது வரும் என்று பார்த்தால் ஒரு ரூபாய்கூட வரவில்லை. ஏனென்றால் சாதாரண டாப்-அப்பில் ஒவ்வொரு முறை சேரும்போதும் அந்த 3 லட்சத்தைப் புதிதாகத் தாண்ட வேண்டும். வருஷத்துப் பில்களையெல்லாம் கூட்டிப் பார்ப்பது சூப்பர் டாப்-அப்பில்தான். பேரில் ஒரு சொல் வித்தியாசம், எங்களுக்கு ஒரு லட்சம் நஷ்டம்.

அக்கா அமெரிக்காவில் இருக்கிறாள். அங்கேயும் டிடக்டிபிள் அதிகம், பிரீமியம் குறைவு என்ற திட்டங்கள் உண்டு, செலவை நோயாளியே பார்த்துத் தீர்மானிக்கட்டும் என்பதுதான் அதன் பின்னால் உள்ள வாதம். ஆனால் 2003-இல் வந்த சட்டப்படி அதோடு வரியில்லாத சேமிப்புக் கணக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம், கைக்காசு வருஷத்துக்கு இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்ற வரம்பும் உண்டு. அப்படியிருந்தும் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடுகிறார்கள் என்கிறாள். இங்கே அந்த வரம்புகூட இல்லாமல் "நீங்களே முடிவு பண்ணலாம்" என்கிறார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனுஷனை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக விலை விசாரிக்க முடியுமா? ஸ்டென்டுக்கு அரசு 2017-இல் உச்ச விலை வைத்தது. ஆனால் அறை வாடகை, டாக்டர் ஃபீஸ் எல்லாம் ஆஸ்பத்திரி சொல்வதுதான்.

பாலிசி எடுத்தவர்கள் அதோடு வரும் வாடிக்கையாளர் தகவல் தாளை எடுத்துப் பாருங்கள், தமிழில் கேட்டால் தர வேண்டும். டிடக்டிபிள், கோ-பே (ஒவ்வொரு பில்லிலும் நாம் கட்ட வேண்டிய பங்கு), அறை வாடகை வரம்பு இந்த மூன்றும் அதில் இருக்கும். பிடிக்கவில்லை என்றால் பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வாங்குங்கள், 5 லட்சம் வரைக்கும் உண்டு, பிரீமியம் கிடையாது.

நாங்கள் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) போவோம், அதற்குக் கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். இதே மாதிரி சொல்லி உங்களிடமும் யாராவது விற்றிருந்தால் ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வைத்திருங்கள்.