பைக் சிக்லிட்: குட்டையா, நடுத்தரமா, ராட்சதமா?

மூன்று அங்குலக் குஞ்சாக இருக்கும்போது எல்லா பைக் சிக்லிட் மீனும் அழகுதான். பென்சில் போல நீண்ட உடல், கூர்மூக்கு, வாலடியில் வளையமிட்ட கரும்புள்ளி, நம் விரல் போகும் பக்கமெல்லாம் கூடவே திரும்பும் கண். கடைக்காரர் விற்பதும் இந்த வயதில்தான், நாம் ஏமாறுவதும் இந்த வயதில்தான்.

என் கதையையே சொல்கிறேன். "குட்டை இனம் சார், நாலு அங்குலத்துக்கு மேல் வளராது" என்ற உறுதிமொழியோடு சென்னையில் ஒரு கடையில் இரண்டு குஞ்சுகள் வாங்கினேன். உடல் நெடுகக் கறுப்புக் கோடுகள், தலையில் பொடிப்பொடியாகப் புள்ளிகள். ஆறாம் மாதம் பெரியது சிறியதைக் கொன்றது. ஒன்பதாம் மாதம் தொட்டியின் கண்ணாடி மேல் ஸ்கேல் வைத்து அளந்தேன்: 9 அங்குலம், இன்னும் வளரும் வயது. அந்த 3 அடித் தொட்டியில் அது திரும்புவதற்கே வாலை மடக்க வேண்டியிருந்தது.

பைக் என்பது ஐரோப்பிய ஆறுகளில் வாழும் ஒரு வேட்டை மீனின் பெயர். உடலமைப்பு ஒத்திருப்பதால் தென் அமெரிக்காவின் இந்த மீன்களுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மற்றபடி உறவேதும் இல்லை. நமக்குப் பார்த்தவுடன் விரால் நினைவுக்கு வரும். அதுவும் உறவில்லை. நம் ஏரிகளில் மண்டிக்கிடக்கும் ஜிலேபி மீன்தான் இதற்குப் பங்காளி. இரண்டும் சிக்லிட் குடும்பம். 1840இல் ஆஸ்திரிய விலங்கியலாளர் ஹெக்கல் வைத்த கிரெனிசிக்லா என்ற ஒற்றைப் பேரினத்துக்குள் இந்த மீன்களில் ஏறக்குறைய அனைத்தும் நெடுங்காலம் கிடந்தன. 2023இல் வெளியான மறுவகைப்பாடு அதைப் பல துண்டாக்கியது. அவற்றில் வீட்டுத்தொட்டிக்காரர்கள் பெரும்பாலும் சந்திப்பவை மூன்று: குட்டையான வாலசியா, நடுத்தரமான சாக்ஸடிலியா, ராட்சத லுகுப்ரியா. கடைப் பலகையில் இந்தப் பெயர்களைத் தேடாதீர்கள். அங்கே எல்லாமே வெறும் 'பைக்'.

ஆகவே கடையில் நின்றபடியே பிரித்தறியும் வழி தெரிந்திருக்க வேண்டும். செதிலைப் பாருங்கள். ராட்சத வகையில் செதில் மிகப் பொடி. பக்கவாட்டில் ஒரு வரிசைக்கு நூறை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். தோல் மழுமழுவென்று விலாங்கு போலத் தெரிந்தால் அது ஓரடி மீனாகப் போகிற குஞ்சு. குட்டை வகையில் செதில்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் பிரித்துப் பார்க்கலாம். நடுத்தர வகைக்குச் செவுளுக்குச் சற்றுப் பின்னால், தோள்பட்டையில் ஒரு கரும்புள்ளி இருக்கும். அதைச் சுற்றி வெளிர் புள்ளிகளும் இருந்தால் ஐயமே வேண்டாம். இதை நான் ஓராண்டு முன்பே தெரிந்துகொண்டிருந்தால் ஒரு மீனின் உயிராவது மிஞ்சியிருக்கும்.

குட்டை வகையிலிருந்து தொடங்குகிறேன், அதன் மீது எனக்குள்ள சாய்வை மறைக்க முடியாது என்பதால். ரீகனி, நோடோஃப்தால்மஸ் என்ற இரண்டு இனங்களும் அமேசான் படுகையைச் சேர்ந்தவை. ஆண் 4 முதல் 5 அங்குலம், பெண் அதற்கும் குறைவு. 3 அடி நீளமும் ஒன்றேகால் அடி அகல உயரமும் கொண்ட தொட்டி, அதாவது சுமார் 130 லிட்டர், ஒரு ஜோடிக்குப் போதும். நோடோஃப்தால்மஸ் என்றால் முதுகுக்கண் என்று பொருள். பெண் மீனின் முதுகுத் துடுப்பில் கண் போலப் புள்ளிகள் உண்டு. வாலசியா என்ற பெயர் பிரிட்டிஷ் இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸின் நினைவாக வந்தது. பிரேசிலின் ரியோ நீக்ரோ ஆற்றில் மீன் மீனாக வரைந்து தள்ளிய அந்த மனிதர் 1852இல் ஊர் திரும்பும் வழியில் கப்பல் தீப்பற்றி, சேகரித்ததில் பெரும்பகுதியை இழந்தார். மீன் ஓவியங்கள் தப்பின.

இவற்றுக்குச் சிக்கல் இடத்தில் இல்லை, தண்ணீரில். இலைச்சாறு இறங்கிய, உப்பே இல்லாத மென்னீர் மீன்கள் இவை. நம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உயிரோடு இருக்கலாம். ஆனால் நிறம் வெளிறி, முட்டையிட்டாலும் பொரிக்காமல் போகும். வாராவாரம் 40 லிட்டர் மாற்ற வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தை நம்பினால், ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு அதைவிட அதிகமாகச் சாக்கடையில் ஓடும். நான் கண்ட வழி ஐப்பசி மழை. முதல் மழையில் மாடியைக் கழுவ விட்டுவிட்டு, அடுத்தடுத்த மழையை இரண்டு டிரம்களில் பிடித்து மூடி வைத்தேன். கார்த்திகை முதல் வாரத்தில் தொட்டியின் பாதித் தண்ணீர் மழைநீராக இருந்தது. ஒரு காலை, பெண் மீன் வயிறு செர்ரிப் பழமாகச் சிவந்து, ஆணின் முகத்துக்கு நேரே உடலை வில்லாக வளைத்து நடுங்கிக்கொண்டிருந்தது. கொட்டாங்கச்சிக் குகையின் கூரையில் முட்டைகள் ஒவ்வொன்றும் சிறு காம்பில் தொங்கின. அம்மா துடுப்பால் விசிறும்போதெல்லாம் அத்தனையும் ஒருசேர ஆடின. அன்று அலுவலகத்துக்குத் தாமதமாகத்தான் போனேன்.

நடுத்தர வகையில் நான் சொல்லக்கூடியது லெபிடோட்டா. பரானா, பராகுவே ஆறுகளிலும் பொலிவியாவின் குவாபோரே பக்கமும் கிடைப்பது. 7 முதல் 8 அங்குலம். தெற்கே குளிர்காலம் கண்ட மீன் என்பதால் வெப்பநிலை இறங்கினாலும் அலட்டிக்கொள்ளாது, மிதமான கடினநீரையும் தாங்கும். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், சுமார் 250 லிட்டர், கூடவே வலுவான ஒரு வெளி ஃபில்டர். அவ்வளவுதான். குழாய்த் தண்ணீரைக் குளோரின் நீக்கி ஊற்றலாம். சாக்ஸடிலிஸ் என்று விற்பதும் இதே வளர்ப்புமுறைதான். லின்னேயஸ் 1758லேயே பெயரிட்ட மீன் அது. சில்வர் டாலர் போன்ற அகன்ற உடல் மீன்கள் கூட இருக்கலாம். நியான் டெட்ரா விட்டால் அது துணை மீன் ஆகாது, பலகாரம் ஆகும்.

ராட்சதங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லுகுப்ரிஸ், மார்மொராட்டா, ஸ்ட்ரிகாட்டா, ஜொஹான்னா எல்லாம் ஓரடி அல்லது அதற்கு மேல். 6 அடிக்கு 2 அடிக்கு 2 அடி என்றால் 680 லிட்டர். தண்ணீர் மட்டுமே 680 கிலோ. கண்ணாடி, மணல், இரும்பு ஸ்டாண்ட் சேர்த்தால் முக்கால் டன்னைத் தாண்டும். இரண்டாம் மாடி வாடகை வீட்டில் இருப்பவர் முதலில் வீட்டுக்காரரிடம் பேசிவிட்டு வாங்கலாம். பிரேசிலின் ஷிங்கு ஆற்றிலிருந்து வருபவற்றுக்குப் பாறை இடுக்குகளில் பாயும், உயிர்வளி நிறைந்த நீர் பழக்கம். மே மாதச் சென்னையில் மின்சாரம் போய் ஃபில்டர் நின்றால் முதலில் மூச்சு வாங்குவது இவைதான். கழிவு சேர்ந்த நீரில் தலையில் குழி விழும் நோயும் எளிதில் வரும். 2018இல் டண்டாரா என்று பெயர் பெற்ற கறுப்பு மீன் அந்த ஆற்றுக்காரிதான், பார்த்தால் ஆசை வரும். ஆசைப்படுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

தீனி விஷயத்தில் மூன்றும் ஒரே பிடிவாதம். பிடித்து வந்த புதிதில் அசையாத எதையும் உணவென்று ஒப்புக்கொள்ளாது. ஒருமுறை கப்பி மீன் ஒன்றை விட்டுவிட்டுப் பார்த்தேன். பைக் மரத்தண்டு போல மிதந்தது. கண் மட்டும் கப்பியைத் தொடர்ந்தது. வால் இலேசாக ஒரு பக்கம் வளைந்தது. அடுத்த நொடி கப்பி இருந்த இடத்தில் தண்ணீர்தான் இருந்தது. காட்சியாக அருமை, பழக்கமாக மோசம். தீனிமீன் வழியாக நோய் வரும். கோல்ட்ஃபிஷில் வைட்டமின் பி1ஐ அழிக்கும் நொதியும் உண்டு. உரமோ மருந்தோ படாத பூந்தொட்டி மண்புழுவிலிருந்து ஆரம்பித்து, பசியோடு இருக்கும்போது பெல்லட் என்னும் உலர்தீனியைக் கலந்து பழக்க வேண்டும். லெபிடோட்டா மூன்று வாரத்தில் வழிக்கு வந்தது. குட்டை மீன்கள் இன்றும் உறைந்த ரத்தப்புழுவுக்குத்தான் முகம் கொடுக்கின்றன, செலவு கூடுதல்.

இனி சண்டை. குஞ்சுகளை இருவருமாகக் காவல் காப்பதில் விராலுக்குக் குறைந்ததில்லை இந்த மீன்கள். ஆனால் அந்த இல்லறம் அமையும்வரை ஆண் பெண்ணைக் கொல்லவும் தயங்காது. கடையில் ஓர் ஆண், ஒரு பெண் என்று பார்த்து வாங்கினால் ஜோடி ஆகிவிடாது. ஐந்தாறு குஞ்சுகளைச் சேர்த்து வளர்த்து, தாமாக ஒன்றுசேரும் இரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கொடுத்துவிட வேண்டும். பெண் நுழையவும் ஆண் நுழையாமலும் இருக்கும் அளவுக்குக் குழாய்த் துண்டுகளைப் போட வேண்டும். லெபிடோட்டாவுக்கு 2 அங்குல பி.வி.சி. குழாய் எனக்குச் சரியாக இருந்தது. ராட்சதங்களுக்கு இதே வேலையைச் செய்ய ஆறு ஓரடி மீன்களை வளர்க்க இடம் வேண்டும். அங்கேயே கணக்கு முடிந்துவிடுகிறது.

யாராவது கேட்டால் லெபிடோட்டாவைத்தான் சொல்கிறேன். நம் தண்ணீருக்கும் நம் கூடத்துக்கும் அதுதான் ஒத்துப்போகிறது. மழைநீர் பிடிக்கும் பொறுமை உள்ளவர் ரீகனியைத் தேடட்டும். எதை வாங்கினாலும் ஃபில்டர் குழாய் போகும் ஓட்டையையும் சேர்த்து மூடி போடுங்கள். இந்த மீன்கள் குதிக்கும், குறிப்பாக முதல் இரவில்.

வளர்ந்துவிட்டது என்று ஏரியில் விடுவது மட்டும் கூடாது. டேங்க் கிளீனர் என்று வாங்கி வீசியெறிந்த மீன்கள் நம் நீர்நிலைகளில் என்ன செய்கின்றன என்று வலைவீசுகிறவர்களைக் கேளுங்கள். என்னுடைய அந்த 9 அங்குல மீனை, வீட்டின் பின்புறம் பெரிய சிமெண்ட் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் கொடுத்தேன். பொங்கலுக்குப் போனபோது குனிந்து பார்த்தேன். கையளவு தலையோடு நிழலிலிருந்து மெல்ல வெளியே வந்தது. நான் ஆசைப்பட்டு வாங்கிய கோடுகளில் ஒன்றுகூட அதன் உடம்பில் இல்லை.