அண்ணாநகர் கொரியன் கடை: புடே ஜிகேக்காக மட்டும் போகலாம்

மெனுல புடே ஜிகேன்னு ஒண்ணு இருக்கு, அதை வாங்குங்க மக்களே. சாசேஜ், டின் கறி, நூடுல்ஸ், கிம்ச்சி (புளிக்க வெச்ச கோஸ்) எல்லாம் ஒரே சட்டில கொதிச்சுகிட்டே டேபிளுக்கு வருது, நம்ம மதுரை நாக்குக்கு காரம் பத்தல, ஆனா அந்த புளிப்பு செம. இது சண்டையில பொறந்த சாப்பாடுங்க, 1945ல கொரியாவை ஆண்டுகிட்டு இருந்த ஜப்பான் தோத்ததும் அமெரிக்காவும் சோவியத்தும் அந்த நாட்டை 38வது அட்சரேகைல கோடு போட்டு ஆளுக்குப் பாதின்னு நின்னுட்டாங்க, அப்புறம் ரெண்டு பக்கமும் தனித்தனி அரசாங்கம் வந்து ரெண்டுமே முழு நாடும் எனக்குத்தான்னு சொல்ல, 1950 ஜூன்ல வடக்குப் படை தெற்கே இறங்கி மூணு வருஷம் ஊரே நாசம். பசியில கெடந்த சனம் அமெரிக்க கேம்ப்ல இருந்து கிடைச்ச டின் கறியைப் போட்டு காய்ச்சுனதுதான் இது. 1953ல சண்டை நிறுத்தம் மட்டும்தான், சமாதான ஒப்பந்தம் இன்னும் இல்ல, பிரிஞ்ச குடும்பங்க பிரிஞ்சதுதான். லெப்டினன்ட் கர்னல் ரங்கராஜ் தலைமையில இந்திய மெடிக்கல் யூனிட்டும் அங்க போய் வைத்தியம் பார்த்துச்சு, கடைக்காரர் சுவத்துல பாப் ஸ்டார் போஸ்டருக்குப் பதிலா இதை எழுதிப் போடலாம்.

ஃப்ரைடு சிக்கன் வேணாம், சவசவன்னு இருக்கு. விலை ஜாஸ்தி, பார்க்கிங் கிடையாது. 3.5/5.