விசிறியுள்ள பெட்டியா, விசிறியற்ற பெட்டியா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் கம்பத்துக் கோழி (நாட்டுக்கோழி) முட்டைகளை வீட்டிலேயே பொரிக்க வைப்போர், அடைகாப்புப் பெட்டியில் விசிறி வேண்டுமா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும்.

விசிறியற்ற பெட்டியில் சூடான காற்று மேலே தங்கிவிடுவதால், வெப்பமானியை முட்டைகளின் மேல்மட்டத்தில் வைத்து, ஏறத்தாழ 38.5 பாகை செல்சியஸ் காட்டும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். சற்று உயர்த்தியோ தாழ்த்தியோ வைத்தால் அளவு பொய்த்துவிடும். விசிறியுள்ளதில் காற்று கலந்து ஓடுவதால் 37.5 பாகையே போதும். ஆனால் ஈரப்பதத்துக்காக அதில் வைக்கும் நீர்த்தட்டைத்தான் அடிக்கடி கவனிக்க வேண்டியிருக்கும். தகரக் கூரையின் கீழ் நண்பகல் வெக்கை ஏறும் லயத்து வீட்டில், விலை சற்றுக் கூடினாலும் நான் விசிறியையே தேர்ந்தெடுப்பேன்.

எதுவாயினும், 18ஆம் நாளுக்குப் பின் ஈரப்பதம் போய்விடுமென அஞ்சிக் காற்றுத் துளைகளை முழுவதும் அடைத்துவிடக் கூடாது. முட்டையோட்டை உடைக்கவிருக்கும் குஞ்சுக்கு அப்போதுதான் உயிர்வளி மிகுதியாகத் தேவைப்படுகிறது.