பி.ஆர்.பி. இடம் தருகிறோம் என்று பணம் கேட்கிறார்களா? பார்மசி மாணவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள்

பார்மசி படிக்கிறவர்கள், அதுவும் மூன்றாம் வருடம், கடைசி வருடத்தில் இருக்கிறவர்கள், இதைக் கட்டாயம் படியுங்கள். பிள்ளையை பார்மசிக்கு அனுப்பியிருக்கிற அப்பா அம்மாவும் படியுங்கள். பினாங்குத் தீவில் ஒரு பார்மசி, படிக்கும்போதே வேலை அனுபவம், படிப்பு முடிந்ததும் பி.ஆர்.பி. என்கிற கட்டாயப் பயிற்சிக்கு இடம் உனக்குத்தான் என்று சொல்லி என்னிடம் 1,800 ரிங்கிட் வாங்கியது. அனுபவம் என்று கிடைத்தது பெட்டி தூக்கியதும் சப்ளிமென்ட் விற்றதும்தான். பி.ஆர்.பி. இடம் அங்கே இல்லவே இல்லை, ஏனென்றால் பயிற்சி கொடுக்க அந்தக் கடைக்கு அங்கீகாரமே கிடையாது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நம் நாட்டில் பட்டம் வாங்கினவுடனே மருந்தாளர் ஆகிவிட முடியாது. மலேசிய பார்மசி வாரியத்தில் தற்காலிகப் பதிவு செய்து, வாரியம் அங்கீகரித்த இடத்தில், பிரிசெப்டர் என்று சொல்லப்படும் மூத்த மருந்தாளரின் கண்காணிப்பில் ஒரு வருடம் பயிற்சி எடுக்க வேண்டும். அதைத்தான் பி.ஆர்.பி. வருடம் என்கிறோம். லாக் புக்கில் செய்த வேலைக்கெல்லாம் கையெழுத்து வாங்க வேண்டும், சட்டத் தேர்விலும் தேற வேண்டும், அப்புறம்தான் முழுப் பதிவு. அரசாங்க மருத்துவமனையில் மட்டும் இல்லை, அங்கீகாரம் பெற்ற தனியார் மருத்துவமனை, பார்மசிக் கடை, மருந்துத் தொழிற்சாலை இவற்றிலும் இந்தப் பயிற்சி எடுக்கலாம். இதில் அங்கீகாரம் பெற்ற என்பதுதான் எல்லாம். அது இல்லாத இடத்தில் எத்தனை மாதம் உழைத்தாலும் ஒரு நாள்கூடக் கணக்கில் வராது.

ஏன் மாணவர்கள் இதற்குப் பணம் கொடுக்கிற நிலைக்கு வருகிறார்கள் என்று கேட்பீர்கள். பயம்தான். 1972இல் பினாங்கு யு.எஸ்.எம். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் பார்மசி ஆரம்பித்த காலத்தில் படித்தவர்களுக்கு இந்தப் பயம் இருந்திருக்காது, இன்றைக்கு எத்தனையோ தனியார் பல்கலைக்கழகங்களில் இருந்தும் பட்டதாரிகள் வருகிறார்கள். 2016 டிசம்பரில் இருந்து சுகாதார அமைச்சு புது டாக்டர்களையும் பல் மருத்துவர்களையும் மருந்தாளர்களையும் நிரந்தர வேலையில் இல்லாமல் ஒப்பந்த முறையில் எடுக்க ஆரம்பித்தது. 2021 ஜூலையில் ஒப்பந்த டாக்டர்கள் ஹர்த்தால் செய்தபோது நாடே பேசியது, அதே ஒப்பந்தத்தில் மாட்டிக்கொண்ட மருந்தாளர்களைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசவில்லை. தனியார் பக்கம் போகலாம் என்றால், இங்கே கிளினிக் டாக்டரே மருந்தையும் கொடுத்துவிடுகிறார், அதனால் வெளியே மருந்தாளருக்கு இருக்க வேண்டிய வேலையில் பாதி கிளினிக் கவுண்டரிலேயே முடிந்துபோகிறது. சீனியர்கள் பி.ஆர்.பி. இடத்துக்காக மாதக்கணக்கில் வீட்டில் காத்திருக்கிறார்கள், பிடிபிடிஎன் படிப்புக் கடன் ஒரு பக்கம் நிற்கிறது. எங்கள் வகுப்பில் எந்நேரமும் இதே பேச்சுதான். இப்படி இருக்கும்போது ஒருவர் வந்து, படிக்கும்போதே வா, இடத்தை உனக்குப் பிடித்து வைக்கிறேன் என்றால் யாருக்குத்தான் வேண்டாம் என்று சொல்ல மனசு வரும்?

விளம்பரம் எங்களுக்கு வாட்ஸ்அப் குழு வழியாக வந்தது. மேனேஜர் நம்ம ஆள், நல்ல தமிழ், முதல் பேச்சிலேயே தங்கச்சி என்றுதான் கூப்பிட்டார். "நம்ம பிள்ளைங்க மேல வரணும் தங்கச்சி, அதுக்குத்தான் இத ஆரம்பிச்சோம். சீனப் பிள்ளைங்களுக்கு குடும்பத்திலேயே கடை இருக்கு, நமக்கு யார் இருக்கா?" என்றார். என் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், அவருக்கு அந்த வார்த்தை அப்படியே மனசில் இறங்கிவிட்டது. அந்த 1,800 ரிங்கிட்டை "இட முன்பதிவும் பயிற்சிக் கட்டணமும்" என்றார், பி.ஆர்.பி. ஆரம்பித்ததும் முதல் சம்பளத்தோடு திருப்பித் தருவோம் என்றார். பணம் போகச் சொன்னது கம்பெனிக் கணக்குக்கு இல்லை, ஒரு தனி ஆளின் கணக்குக்கு. கம்பெனிக் கணக்கை பேங்க்கில் மாற்றிக்கொண்டிருக்கிறோம் என்று காரணம் சொன்னார். ரசீது கொடுத்தார், அதில் "பயிற்சி வகுப்புக் கட்டணம்" என்று இருந்தது. இந்த ஒரு வரி பின்னால் எவ்வளவு தொல்லை கொடுத்தது என்று சொல்கிறேன்.

செமஸ்டர் விடுமுறையில் முழு நேரம், வகுப்பு இருக்கும்போது சனி ஞாயிறு என்று பேச்சு. அலவன்ஸ் உண்டு, ஆனால் வேலைக் கடிதம் இல்லை, "அப்புறம் தருகிறேன்" என்றார். சம்பளச் சீட்டு இல்லை, இபிஎஃப் (சேமநிதி) இல்லை, சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) இல்லை. மாணவர்களுக்கு அதெல்லாம் தேவையில்லை என்றார். பகுதி நேர ஊழியர்களுக்கென்றே 2010இல் விதிமுறைகள் வந்திருக்கின்றன, 2023 ஜனவரியில் இருந்து வேலைவாய்ப்புச் சட்டம் சம்பள அளவு பார்க்காமல் எல்லா ஊழியருக்கும் பொருந்துகிறது. பல்கலைக்கழகம் அனுப்புகிற இன்டர்ன்ஷிப் வேறு, கடையில் கூப்பிட்டு நேரம் போட்டு வேலை வாங்குவது வேறு. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாத வயதில் இருப்பவர்களைத்தான் இவர்கள் தேடிப் பிடிக்கிறார்கள்.

வேலை எப்படி என்றால், லாரி வந்தால் பெட்டி இறக்குவது, பால் மாவும் டயப்பரும் அடுக்குவது, எக்ஸ்பயரி பார்ப்பது, ஸ்டாக் எடுப்பது. இதில் எனக்குக் குறை இல்லை, கடையில் எல்லோரும் செய்கிற வேலைதான், எக்ஸ்பயரி பார்த்துப் பார்த்தே நிறைய மருந்துப் பெயர் மனசில் நின்றது. ஆனால் மருந்துச் சீட்டைப் படிக்கவோ, நோயாளியிடம் எப்படிக் கேள்வி கேட்பது என்று சொல்லிக்கொடுக்கவோ அங்கே ஆள் இல்லை. சுவரில் லைசன்ஸ் ஏ, அதாவது மருந்து விற்க மருந்தாளருக்குக் கொடுக்கிற லைசன்ஸ், தொங்கியது, அதில் பெயர் இருந்த மருந்தாளரை நான் பார்த்ததே அபூர்வம். காலையில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார், மற்ற நேரத்தில் கவுண்டர் எங்களைப் போன்ற மாணவர்கள் கையில்.

இந்த இடம்தான் எனக்கு இன்னமும் ஆத்திரம் வருகிற இடம். 1952 நச்சுப்பொருள் சட்டப்படி, பட்டியலில் இருக்கும் மருந்தை லைசன்ஸ் உள்ள மருந்தாளரோ, அல்லது அவர் கூடவே நின்று பார்க்க அவர் மேற்பார்வையிலோதான் விற்க வேண்டும். ஆன்டிபயாட்டிக்குக்கும் கொலஸ்ட்ரால் மாத்திரைக்கும் டாக்டரின் சீட்டு வேண்டும். பிரஷர் மாத்திரைக்கும் அப்படித்தான். மேனேஜருக்கு மருந்தாளர் பட்டம் கிடையாது. அவர், "ரெகுலர் கஸ்டமர்தானே, எடுத்துக் கொடு" என்பார். மாட்டேன் என்றால் முகம் மாறும். ஏதாவது ஆகியிருந்தால் மாட்டுவது யார் என்று நினைத்துப் பாருங்கள், பட்டம்கூட வாங்காத பிள்ளை. பதிவே இல்லாத நேரத்தில் இப்படி ஒரு கறை விழுந்தால் நாளைக்குப் பதிவுக்குப் போகும்போது என்ன பதில் சொல்வது?

அப்புறம் டார்கெட். மாதம் இவ்வளவு சப்ளிமென்ட் விற்க வேண்டும், இல்லாவிட்டால் அலவன்ஸில் பிடிப்பார்கள். ஒரு நாள் ஒரு பாட்டி வந்தார், ஞாபக மறதிக்கு ஏதாவது கொடும்மா என்றார், அந்த மாதம் தள்ளவேண்டிய பொருள் கிங்கோ என்ற மூலிகை சப்ளிமென்ட். பாட்டியின் பையில் மருத்துவமனையில் கொடுத்த வார்ஃபரின் புத்தகம் இருந்தது, வார்ஃபரின் என்பது இரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்கக் கொடுக்கிற மருந்து, இது இரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று தேதி போட்டு எழுதிவைக்கிற புத்தகம். வார்ஃபரின் எடுக்கிறவர் கிங்கோ சாப்பிட்டால் இரத்தக் கசிவு அபாயம் கூடும் என்று எங்களுக்கு வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். நான், வேண்டாம் பாட்டி, அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது அங்கே உள்ள மருந்தாளரிடம் மறதியைப் பற்றிச் சொல்லுங்கள் என்று அனுப்பிவைத்தேன். மேனேஜர் கஸ்டமர் முன்னாடியே, "விக்க வந்தியா, டாக்டர் வேல பாக்க வந்தியா?" என்றார். நான் செய்தது டாக்டர் வேலை இல்லை, மருந்தாளர் வேலை. நான்கு வருடம் படிப்பதே அதற்குத்தான். அந்தப் பாட்டிக்கு நான் இல்லாத நாளில் யாராவது அதை விற்றிருப்பார்களோ என்ற கவலை இன்றைக்கும் இருக்கிறது.

கடைக்கு அங்கீகாரம் இல்லை என்பது எப்படித் தெரிந்தது? கடைசி செமஸ்டரில் பி.ஆர்.பி. விண்ணப்பம் பற்றி எல்லோரும் பேச ஆரம்பித்தபோது, பிரிசெப்டர் பெயர் வேண்டும் என்று மேனேஜரிடம் கேட்டேன். அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே போனார். அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி இடங்களின் பட்டியல் சுகாதார அமைச்சின் பார்மசி சேவைப் பிரிவு இணையத்தளத்தில் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. பினாங்குப் பகுதியை முழுக்கப் பார்த்தேன், அந்தக் கடை இல்லை. அமைச்சுக்கு மின்னஞ்சல் போட்டும் கேட்டேன், அப்படி ஒரு இடம் பதிவில் இல்லை என்று பதில் வந்தது. அதைக் காட்டியபோது மேனேஜர், "அப்ளை பண்ணியிருக்கோம், வந்திடும், நீ ஏன் அவசரப்படுற" என்றார். பணத்தைக் கேட்டேன். அன்றிலிருந்து தங்கச்சி என்ற வார்த்தை நின்றுபோனது. போன் எடுக்கவில்லை, நிலுவையில் இருந்த அலவன்ஸும் வரவில்லை. அதே கடையில் இருந்த இன்னும் சில மாணவர்களும் இதே பணத்தைக் கட்டியிருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் ஒரே இடத்தைத்தான் பிடித்து வைத்ததாகச் சொல்லியிருக்கிறார்.

தொழிலாளர் இலாகாவுக்குப் போனேன். புகார் கொடுக்கக் காசு கிடையாது, வக்கீலும் வேண்டாம். வேலைக் கடிதம் இல்லையே என்று பயந்தேன். ஆனால் என்றைக்கு வர வேண்டும், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று மேனேஜர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், ரோஸ்டர் படங்கள், பேங்க்கில் முன்பு வந்த அலவன்ஸ், இவை எல்லாம் சேர்ந்து நான் அங்கே வேலை செய்தேன் என்பதைக் காட்டின. சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம், டார்கெட் எட்டவில்லை என்று இஷ்டத்துக்குப் பிடிக்கவும் முடியாது. இரண்டு தரப்பையும் கூப்பிட்டார்கள், நிலுவை அலவன்ஸ் வந்துவிட்டது.

1,800 ரிங்கிட் மட்டும் வரவில்லை. இங்கேதான் அந்த ரசீது. "அது பயிற்சி வகுப்புக் கட்டணம், சம்பளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை" என்று கடைத் தரப்பு வாதம். அதனால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கையாகப் போட்டிருக்கிறேன், 5,000 ரிங்கிட் வரை வக்கீல் இல்லாமல் நாமே போகலாம். மருந்தாளர் இல்லாமல் கவுண்டர் நடப்பதை மாநில சுகாதார இலாகாவின் பார்மசி அமலாக்கப் பிரிவுக்கும் எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.

படிக்கும்போது வேலைக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை, போங்கள், கவுண்டரில் கற்றுக்கொள்வது வகுப்பில் கிடைக்காது. இப்போது நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போகிற இன்னொரு கடையில் மருந்தாளர் அக்கா நாள் முழுக்க இருக்கிறார், ஒவ்வொரு சீட்டையும் என்னைப் படிக்கச் சொல்லி, ஏன் இந்த டோஸ் என்று கேட்கிறார், ஒரு காசு வாங்கவில்லை, சம்பளமும் சீட்டோடு வருகிறது. நல்ல இடம் இப்படித்தான் இருக்கும். போன முதல் நாளே சுவரில் இருக்கும் லைசன்ஸைப் பாருங்கள், வருடா வருடம் டிசம்பர் 31இல் முடிகிறது, இந்த வருடத்துடையதா, அதில் இருக்கும் பெயர்க்காரர் கடையில் இருக்கிறாரா என்று கவனியுங்கள். பி.ஆர்.பி. இடம் என்ற பேச்சு வந்தால் கடையின் பெயரையும் பிரிசெப்டர் பெயரையும் எழுத்தில் கேட்டு, பட்டியலில் நீங்களே தேடுங்கள், அவர்கள் அனுப்புகிற ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டாம். கிளை அங்கீகாரம் வேறு, கம்பெனிப் பெயர் வேறு. ஒரு கிளைக்கு இருக்கிறது என்பதால் உங்களைப் போடப்போகிற கிளைக்கும் இருக்கும் என்று அர்த்தமில்லை.

அந்த விளம்பரம் வேறு ஒரு பெயரில் இந்த வாரமும் குழுக்களில் சுற்றுகிறது, இப்போது பட்டர்வொர்த், சுங்கைப்பட்டாணி பக்கமும் இடம் இருக்கிறதாம். ஏற்கனவே பணம் கட்டியவர்கள் யாராவது இருந்தால் வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள், பணம் போட்ட கணக்கு எண்ணை, மோசடிக் கணக்கா என்று பார்க்கிற போலீஸின் செமாக் மியூல் தளத்தில் தேடிப் பாருங்கள், பணம் போட்டு அதிக நேரம் ஆகவில்லை என்றால் உடனே மோசடிப் புகார் எண் 997க்கு அழையுங்கள். எனக்கும் எழுதுங்கள், என் வழக்கு எண்ணைத் தருகிறேன், உங்கள் கோரிக்கையில் அதைக் குறிப்பிடலாம்.