வரிசை மாறிய டேப்புகளை அமாண்டா கையாளும் விதம்

மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் உருவான அமாண்டா என்னும் திறமூல பேக்கப் மென்பொருளை, டேப் சுழற்சியின் (பேக்கப் எழுதும் காந்த நாடாக்களை முறைவைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதன்) வரிசை குலைந்தால் அது எவ்வளவு கைகொடுக்கிறது என்ற ஒரு கோணத்தில் மட்டும் இங்கு மதிப்பிடுகிறேன். பொறுப்பாளர் விடுப்பில் இருக்கும் நாளில் 4-ஆம் டேப்புக்குப் பதிலாக 5-ஆம் டேப் டிரைவில் ஏறிவிடுவது எங்கும் நடக்கக்கூடியதுதான்.

அந்த டேப் புதியதாகவோ மேலெழுத அனுமதியுள்ளதாகவோ இருந்தால், அமாண்டா அதற்காக அன்றைய பேக்கப்பை நிறுத்துவதில்லை. உறையில் ஒட்டிய சீட்டை நம்பாமல், டேப்பின் தொடக்கத்திலேயே எழுதப்பட்ட லேபிளைப் படித்து, டேப்லிஸ்ட் என்ற பட்டியல் கோப்பில் அது கடைசியாக எழுதப்பட்ட தேதியைப் பார்த்து, மேலெழுதலாமா என்று முடிவு செய்கிறது. ஆனால் அடுத்த சுற்றிலும் பழைய தேதியின்படி 5-ஐ முதலிலும் 4-ஐப் பிறகும் கேட்கும்; நாம் தலையிடாவிட்டால் அந்தக் குழப்பம் சுற்றுக்குச் சுற்று தொடரும்.

சரிசெய்யும் வழி டேப்சைக்கிள் என்ற அமைப்பில் இருக்கிறது. ஒரு டேப்புக்குப் பின் டேப்சைக்கிள் எண்ணைவிட ஒன்று குறைவான வேறு டேப்புகளாவது எழுதப்பட்டிருந்தால்தான் அதன்மேல் மறுபடி எழுத அனுமதி உண்டு. கையில் 20 டேப்புகள் இருக்க, டேப்சைக்கிளையும் 20 என்றே வைத்து, டேப்புகள் புதியவையாக இருந்த முதல் சுற்றில் 4-க்கு முன் 5 எழுதப்பட்டிருந்தால், அடுத்த சுற்றில் 3-ஆம் டேப் முடிந்ததும் 4-ஐப் போட்டால் அமாண்டா மறுத்துவிடும். ஏனெனில் அதன்பின் 18 டேப்புகளே எழுதப்பட்டிருக்கின்றன, தேவையோ 19. டேப்சைக்கிள் 18 என்றிருந்தால் 17 போதும் என்பதால் 4-ஐ ஏற்றுக்கொள்ளும், மறுநாள் தானே 5-ஐக் கேட்கும், வரிசை நேராகிவிடும். கையேடும் இந்த எண்ணைக் கையிருப்பைவிடச் சற்றுக் குறைவாக வைக்கவே சொல்கிறது. என் பார்வையில் இந்த மென்பொருளின் மிகச் சிறந்த அம்சம் இதுதான்.

குறையும் உண்டு. டேப்பை மறுக்கும்போது, இன்னும் எத்தனை டேப்புகள் எழுதப்பட்ட பின் அது விடுபடும் என்று செய்தியிலேயே தெரிவித்தால், புதியவர்கள் பதறிப்போய் டேப்லிஸ்டில் உள்ள தேதிகளைக் கையால் திருத்தப் போகமாட்டார்கள். அந்தத் தேதிதான் எந்த டேப்பில் எந்த பேக்கப் இருக்கிறது என்ற பதிவோடு இணைந்திருக்கிறது. அதை மாற்றினால் வரிசை அழகாகத் தெரியும், ஆனால் கோப்பை மீட்க வேண்டிய நாளில் தேடல் தவறும். அம்ஆர்எம்டேப் கட்டளையும் இதற்கு ஏற்றதல்ல, ஏனென்றால் அது அந்த டேப்பிலுள்ள பேக்கப்புகளைப் பதிவிலிருந்தே நீக்கிவிடும்.

சரியான டேப் டிரைவில் இருக்கிறதா என்று முன்கூட்டியே சோதிக்கும் அம்செக் கட்டளையை, டேப்பை மாற்ற ஆள் இருக்கும் பகல் நேரத்திலேயே ஓடவிடுவது நல்லது. தவறான டேப்போடு இரவு தொடங்கினால் பேக்கப் ஹோல்டிங் டிஸ்கில் (டேப்புக்குப் போகுமுன் தற்காலிகமாகச் சேமிக்கும் டிஸ்கில்) தங்கும், பிறகு அம்ஃப்ளஷ் மூலம் டேப்புக்கு மாற்றலாம் என்பது உண்மையே. ஆனால் அந்த டிஸ்கில் எவ்வளவு இடத்தை இன்க்ரிமென்டலுக்கு (முந்தைய பேக்கப்புக்குப் பின் மாறியவற்றை மட்டும் எடுப்பதற்கு) ஒதுக்குவது என்று சொல்லும் ரிசர்வ் என்ற அமைப்பு இயல்பாக 100 விழுக்காடு என்றிருப்பதால், அந்த இரவில் இன்க்ரிமென்டல் மட்டுமே எடுக்கப்படும். முழு பேக்கப் தள்ளிப்போகும். டிஸ்கில் இடம் தாராளமாக உள்ளவர்கள் அந்த எண்ணைக் குறைத்துக்கொள்ளலாம்.