சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோயில்: போயிட்டு வந்த அனுபவம், ஏற்பாடு எப்படி இருந்துச்சு

வெளிநாட்டுல இருக்க நம்ம கம்பம் பள்ளத்தாக்கு ஆளுங்க நிறைய பேரு, கண்ணகி கோயிலுக்கு ஒருதடவையாவது போகணும், ஆனா அந்த ஒருநாளுக்கு லீவு போட்டு வந்து வயசானவங்களையும் கூட்டிட்டுப் போக முடியுமான்னு கேக்குறாங்க. முடியும். 2025ல நாங்க அம்மா, சித்தி, அண்ணன், மதினி, பிள்ளைகன்னு மொத்தக் குடும்பமா போயிட்டு வந்தோம், எது நல்லா இருந்துச்சு எங்க கஷ்டம்னு தெரிஞ்சவரைக்கும் எழுதுறேன், அடுத்து போறவங்களுக்கு உதவும்.

தெரியாதவங்களுக்காக முதல்ல கொஞ்சம் சொல்லிடுறேன். கோயில் இருக்கது தேனி மாவட்டமும் கேரளாவோட இடுக்கி மாவட்டமும் தொட்டுக்கிற மலை உச்சியில, சுமார் 1300 மீட்டர் உயரம். பெரியாறு புலிகள் காப்பகம் வழியாத்தான் ஜீப்புல மேல போகணும், அதனால வருஷத்துல சித்ரா பௌர்ணமி அன்னைக்கு மட்டும்தான் ஜனங்கள உள்ள விடுவாங்க, அதுவும் காலையில ஆறு மணிக்குத் தொறந்தா மதியம் ரெண்டரைக்கு மேல ஏத்தமாட்டாங்க, பொழுது சாயறதுக்குள்ள எல்லாரும் கீழ இறங்கிடணும். கோயில் யாருக்குன்னு ரெண்டு மாநிலத்துக்கும் ரொம்ப வருஷமா வழக்கு இருக்கு, ஆனா திருவிழாவ ரெண்டு மாவட்ட கலெக்டர்களும் முன்கூட்டியே உக்காந்து பேசி சேந்துதான் நடத்துறாங்க. எந்த வழி, எத்தனை ஜீப், எவ்வளவு சார்ஜ், யாரு தண்ணி வைக்கிறது, ஆம்புலன்ஸ் எங்க நிக்கணும்னு எல்லாம் அந்தக் கூட்டத்துலதான் முடிவாகும், அது நம்ம ஊரு பேப்பர்லயும் வந்துரும். வெளிநாட்டுல இருக்கவங்க அந்த நியூஸ பாத்துட்டுத்தான் கிளம்பணும், போன வருஷத்து ரூல நம்பி வராதீங்க.

2025ல சித்ரா பௌர்ணமி மே 12, திங்கக்கிழமை. அன்னைக்குத்தான் மதுரையில அழகர் ஆத்துல இறங்குனாரு, அதே வாரம் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவும். இதச் சொல்றதுக்குக் காரணம், சிங்கப்பூர்ல இருந்து நேரா மதுரைக்கு ப்ளைட் எடுத்து அன்னைக்கே ஊருக்குப் போயிறலாம்னு நினைக்காதீங்க. மதுரைக்குள்ள ரோட்ட எல்லாம் மாத்தி விட்டுருப்பாங்க, ஹோட்டல் ரூம் கிடைக்காது, டாக்ஸிக்காரங்க கேக்குற காசு வேற லெவல்ல இருக்கும். ரெண்டு மூணு நாள் முன்னாடியே வந்து ஊர்ல செட்டிலாயிடுறது நல்லது. இப்போ போடி வரைக்கும் ட்ரெயின் வேற வந்துருச்சு, 2022ல தேனிக்கும் 2023ல போடிக்கும் அகலப்பாதை வந்ததுல இருந்து மதுரையில இருந்து தேனி வந்து சேர்றது அம்புட்டு சுலபம், ஜன்னல் ஓரமா உக்காந்து ஆண்டிப்பட்டி கணவாயப் பாத்துக்கிட்டே வரலாம், அம்மா இந்தப் பக்கம் ட்ரெயின் மறுபடி ஓடுறத நான் பாத்துட்டேன்டின்னு சொல்லிச் சொல்லி சந்தோஷப்பட்டுச்சு. தேனிக்கு அங்கிட்டு கம்பம், கூடலூர், குமுளி எல்லாம் பஸ்ஸுதான்.

திருவிழாவுக்கு ஸ்பெஷல் பஸ் நிறைய விட்டுருந்தாங்க, இத மனசாரப் பாராட்டணும். விடியக்காலம் மூணு மணிக்கே கம்பம் பஸ் ஸ்டாண்டுல ஜீப் கிளம்புற குமுளிக்கும், நடைபாதை ஆரம்பிக்கிற பளியன்குடிக்கும் தனித்தனியா பஸ் நின்னுச்சு, எந்த பஸ் எங்க போகுதுன்னு மைக்குல சொல்லிக்கிட்டே இருந்தாங்க. லோயர்கேம்ப் தாண்டி மலைரோட்டுல ஏறி குமுளியில இறங்கினா நம்ம பஸ் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கமே நின்னுரும், நடந்து அந்தப் பக்கம் போனா கேரளா. ரெண்டு எட்டு வச்சா மாநிலமே மாறிருது, கடைக்காரங்க எல்லாரும் ரெண்டு பாஷையும் பேசுறாங்க, பிள்ளைகளுக்கு அது ஒரு பெரிய அதிசயம்.

ஜீப்புக்கு நாங்க வரிசையில போய் நிக்கும்போது நல்லா இருட்டு, அதுக்குள்ள முன்னாடி பெரிய கூட்டம். பெர்மிட் வாங்கி ஸ்டிக்கர் ஒட்டுன ஜீப்ப மட்டும்தான் மேல விடுறாங்க, சார்ஜ் என்னன்னு ரெண்டு பாஷையிலயும் போர்டு எழுதி வச்சுருக்காங்க. இருந்தும் ஒரு டிரைவர் எங்க பேச்ச வச்சு வெளிநாட்டுல இருந்து வந்தவங்கன்னு கண்டுபிடிச்சுட்டு தனியா போகலாம்னு சொல்லி கூடுதலா கேட்டாரு, அண்ணன் அந்தப் போர்டக் காட்டினதும் பேசாம போயிட்டாரு. அதனால எழுதியிருக்கதுக்கு மேல பத்து பைசா குடுக்காதீங்க, பக்கத்துலயே ரெண்டு மாநில போலீஸும் நிக்கிறாங்க, ஒரு வார்த்தை சொன்னா போதும். முட்டி வலிக்காரங்க, கைக்குழந்தை வச்சுருக்கவங்களுக்குத் தனி வரிசை கேட்டோம், அப்படி ஒண்ணு இல்ல. ஆனா அங்க நின்ன ஒரு லேடி போலீஸ் அம்மாவப் பாத்துட்டு அவங்களாவே ஒரு ஸ்டூல் கொண்டாந்து போட்டு "அம்மே, இவிடெ இரிக்கு"ன்னு உக்கார வச்சாங்க. அந்த மனசுக்கு நன்றி, ஆனா இது ஒருத்தரோட நல்ல குணத்த நம்பி இருக்கக் கூடாது, வரிசையிலயே ஒரு ஏற்பாடா இருக்கணும்.

ஏறுறதுக்கு முன்னாடி பையெல்லாம் செக் பண்றாங்க. சின்ன பிளாஸ்டிக் பாட்டில், பாலிதீன் கவர், அசைவச் சாப்பாடு, மது எதுவும் கூடாது. ஸ்டீல் பாட்டில்ல தண்ணி, தூக்குவாளியில புளியோதரை கொண்டு போனோம், ஒரு பிரச்சனையும் இல்ல. சில பேரு இதுக்கு சண்டை போட்டாங்க, எனக்கு அது கஷ்டமா இருந்துச்சு, ஏன்னா அது யானையும் காட்டெருமையும் இருக்க காடு, நாம போற அந்த ஒருநாள் கூட்டம் விட்டுட்டு வர்ற குப்பை அந்த வாயில்லா ஜீவனுங்க வயித்துக்குள்ளதான் போகும். இந்த செக்கிங்க இன்னும் கறாரா வச்சாலும் நான் சந்தோஷப்படுவேன்.

ஜீப்புல கிட்டத்தட்ட 14 கிலோமீட்டர். மண்ரோடு, பாறை, குழி, தூக்கித் தூக்கிப் போடும். முதுகு வலி, ஹார்ட் ஆபரேஷன் பண்ணவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாங்க, நிஜமாவே சொல்றேன். வழியில கொக்கரக்கண்டம்ங்கிற எடத்துல ஒருதடவை நிறுத்தி செக் பண்றாங்க, அதுக்கு மேல மரமெல்லாம் கொறைஞ்சு புல்மேடா விரியும், காத்துன்னா அப்படி ஒரு காத்து. மேல ஏறி கிழக்கால பாத்தா நம்ம பள்ளத்தாக்கு மொத்தமும் கீழ விரிஞ்சு கிடக்குது, வயலும் தென்னந்தோப்பும் திராட்சைப் பந்தலுமா. மேக்கால பாத்தா கண்ணுக்கெட்டுன வரைக்கும் பெரியாத்துக் காடு.

சிலப்பதிகாரத்துல கண்ணகி கீழவாசல் வழியா புருஷனோட மதுரைக்குள்ள வந்தேன், மேலவாசல் வழியா தனியா போறேன்னு அழுதுகிட்டு வைகைக் கரையப் பிடிச்சு மேக்கால நடந்து, பள்ளம் மேடு பாக்காம மலையேறி, பதினாலாம் நாள் வேங்கை மரத்தடியில நின்னவ. சேரன் செங்குட்டுவன் அவளுக்குக் கோயில் எடுத்தப்போ இலங்கையில இருந்து கயவாகு மன்னனும் வந்திருந்தான்னு அதுலயே இருக்கு. பேராசிரியர் சி. கோவிந்தராசனார் அந்த வழியத் தேடித் தேடி அலைஞ்சு 1963ல இந்த மலைக் கோயில்தான் அதுன்னு சொன்னாரு. நாங்களும் மதுரையில இருந்து மேக்கால வந்து இந்த மலை ஏறினோம்னு நினைச்சப்போ எனக்குத் தொண்டை அடைச்சுருச்சு. கோயில் ரொம்ப இடிஞ்சு கிடக்கு, பெரிய பெரிய கருங்கல்லு சரிஞ்சு, சுவத்து இடுக்குல செடி மொளைச்சு, கல்வெட்டு எழுத்து மேல குங்குமத்த அப்பிட்டுப் போறாங்க, தயவுசெஞ்சு அதச் செய்யாதீங்க. ஆத்தாளுக்குப் பட்டுக் கட்டி பூ அலங்காரம் பண்ணிருந்தாங்க, தமிழ்நாட்டு முறையிலயும் பூஜை, கேரள முறையிலயும் பூஜை. பொம்பளைங்களுக்கு வளையல், மங்கலநாண், மஞ்சள் குங்குமம் பிரசாதம். சித்தி அந்தப் பச்சை வளையல அங்கயே கையில மாட்டிக்கிட்டு ஊருக்கு வர்ற வரைக்கும் தடவித் தடவிப் பாத்துக்கிட்டே இருந்துச்சு.

இப்போ முக்கியமான விஷயம். மேல தண்ணி வச்சுருந்தாங்க, நீர்மோர் குடுத்தாங்க, அன்னதானம் தாராளமா நடந்துச்சு, டாக்டரும் ஆம்புலன்ஸும் இருந்துச்சு, தீயணைப்பு வண்டி கூட நின்னுச்சு. பொம்பளைங்களுக்கு டாய்லெட்தான் போதல. வந்திருக்க கூட்டத்துல பாதிக்கு மேல பொம்பளைங்க, வெயில்ல மூணு மணி நேரம் வரிசை, இருந்த தற்காலிக டாய்லெட்டுக்கு முன்னாடி சாமி கும்புடுற வரிசை மாதிரியே இன்னொரு வரிசை, உள்ள தண்ணி தீந்துபோச்சு. மதினி காலையில இருந்தே தண்ணி குடிக்காம வந்துச்சு, ஏன்னு கேட்டா "அங்க போய் எங்க ஒதுங்குறது, அதேன் குடிக்கல"ன்னு சொல்லுது. மே மாசத்து வெயில்ல ஒரு பொம்பள இதுக்காகத் தண்ணி குடிக்காம மலையேறுதுன்னா நாம என்ன திருவிழா நடத்துறோம்? நீதி கேட்டு நின்ன ஒருத்திக்கு எடுக்குற விழா இது. இங்க வர்ற பொம்பளைங்களுக்கு இந்த ஒரு வசதிய முதல் வேலையா செஞ்சுருக்கணும்.

நடந்து வர்றவங்க நிலைமை இன்னும் சிரமம். பளியன்குடியில இருந்து நம்ம பக்கத்துக் காட்டு வழியா ஆறரை கிலோமீட்டர் சொச்சம் செங்குத்தான ஏத்தம். ஜீப் வரிசையில நிக்க முடியாதவங்க, காசு குடுக்க முடியாதவங்க, நேந்துக்கிட்டவங்க எல்லாம் அந்த வழியாத்தான் வர்றாங்க. பளியர்ங்கிற மலைவாழ் ஜனங்களுக்கு அந்தக் காடு சொந்த வீடு மாதிரி, திருவிழாவுக்குக் கொடியேத்துறதே பளியன்குடியிலதான். கோயில்கிட்ட, கூடலூர்ல இருந்து நடந்து வந்த ஒரு அப்பத்தாகூட உக்காந்து பேசினேன். "நாங்க வருசா வருசம் நடந்துதேன் வருவோம்த்தா, நடந்தாத்தேன் வந்த மாதிரி இருக்கு, வழியில ரெண்டு எடத்துல தண்ணி வச்சுருந்தாய்ங்க, அதுக்கு மேல பாதியில ஒண்ணுமில்ல"ன்னு சொன்னாங்க. செருப்பு அந்து போயி வெறுங்காலோட ஏறியிருக்காங்க, பாதத்துல பாறை கிழிச்ச காயம், முதலுதவி டென்டுல நாங்கதான் கூட்டிட்டுப் போய் மருந்து போட்டு விட்டோம்.

இந்த வழியில ரோடு போடணும்னு நம்ம ஊருல ரொம்ப காலமா கேக்குறாங்க, அந்த ஆதங்கம் எனக்குப் புரியுது, நம்ம மண்ணுல இருந்து நேரா போகணும்ங்கிறது நியாயமான ஆசைதான். ஆனா அந்த மலையக் கண்ணால பாத்துட்டு வந்தப்புறம் எனக்குத் தார்ரோடு வேண்டாம்னுதான் தோணுது. ரோடு வந்தா ஒருநாளோட நிக்காது. பாதையச் செப்பனிட்டு, வழுக்குற எடத்துல கைப்பிடி கட்டி, கிலோமீட்டருக்கு ஒரு எடத்துல தண்ணியும் நிழலும் முதலுதவியும், பாதி வழியில பொம்பளைங்களுக்கு டாய்லெட்டும் வச்சாலே ஜனங்க சந்தோஷமா ஏறிருவாங்க.

செய்ய முடியாத காரியமும் இல்ல. மறுநாள் வீரபாண்டிக்குப் போனோம், அங்க முல்லையாத்துல தண்ணி ஓடுது, ராத்திரி பகலா கோயில் தொறந்திருக்கு, அக்கினிச்சட்டி எடுக்குறவங்க வர்ற பாதையில சுடுற தரைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டே இருக்காங்க, காணாமப் போன பிள்ளைகளுக்கு மைக்குல அறிவிப்பு, தனித்தனி குளிக்கிற எடம். லட்சக்கணக்கான கூட்டத்த ஒரு வாரம் சமாளிக்கிற மாவட்டம் நம்மளது. மலை மேல ஒருநாள் கூட்டத்துக்கு அந்த அனுபவத்துல கொஞ்சம் எடுத்துட்டுப் போனா போதும்.

நாங்க வந்ததும் டாய்லெட், வயசானவங்களுக்குத் தனி ஜீப் வரிசை, நடைபாதையில தண்ணி, இந்த மூணையும் எழுதி தமிழ்லயும் மலையாளத்துலயும் ரெண்டு பக்கத்துக்கும் மனு அனுப்பிருக்கோம். மலையாளத்துல எழுதிக் குடுத்தது குமுளியில டீக்கடை வச்சுருக்க ஒரு அண்ணன், காசு வாங்கல. நீங்களும் போயிருந்தா உங்க அனுபவத்த எழுதி அனுப்புங்க, ரெண்டு மாவட்டமும் பேசுற கூட்டம் திருவிழாவுக்குச் சில வாரம் முன்னாடியே நடந்து முடிஞ்சுரும், அதனால பங்குனி பொறக்குறதுக்குள்ள போய்ச் சேர்ற மாதிரி அனுப்பணும்.