டெஸ்ட் டிரைவில் 24, கையில் 12: தெரியாமல் டீசல் கார் வாங்கிய கதை

என் வீட்டிலிருந்து ஆபீஸ் 7 கி.மீ. போக வர 14. நடுவில் ஒரு பக்கத்துக்குப் பதினோரு சிக்னல், காலையில் போய்ச் சேர 26 நிமிடம் ஆகும். இதையெல்லாம் முதலிலேயே சொல்லக் காரணம், நான் ஏமாந்தது முழுக்க இந்த 7 கிலோமீட்டரில்தான். கார் விற்றவரிடமும் இதை முதல் பேச்சிலேயே சொன்னேன். சொல்லியும் இப்படிச் செய்தார் என்பதுதான் இன்னும் ஆறவில்லை.

பழைய கார்களை வாங்கி விற்கும் இடம் அது. பெயர் வேண்டாம். அங்கே என்ன செய்தார்கள் என்று தெரிந்தால், வேறு இடத்தில் வேறு ஒருவர் அதையே செய்யும்போது உங்களுக்குப் பிடிபடும்.

நான் கேட்டது சின்ன பெட்ரோல் வண்டி. அவர் கேட்ட ஒரே கேள்வி, "தினமும் ஓட்டுவீங்களா சார்?" ஆமாம், ஆபீஸுக்கு, 7 கிலோமீட்டர் என்றேன். "அப்போ பெட்ரோல் எதுக்கு சார்? தினமும் ஓட்டுறவங்களுக்கு டீசல்தான் கட்டும். இது கண்ணை மூடிக்கிட்டு 24 குடுக்கும்." நான் சொன்னதில் 'தினமும்' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு 7 கிலோமீட்டரை அப்படியே விட்டுவிட்டார். நானும் 24 என்றதும் அதை விட்டுவிட்டேன், பொய் சொல்வானேன்.

மறுநாள் காலை டெஸ்ட் டிரைவ். நான் போனபோதே பானட் சுட்டது. "நீங்க வர்றீங்கன்னு கொஞ்சம் ஓட்டி வெச்சேன்" என்றார். அக்கறை என்று நினைத்தேன். எதற்கெடுத்தாலும் போட்டோ எடுக்கும் பழக்கம் எனக்கு உண்டு. கிளம்பும் முன் மீட்டரை எடுத்தேன். 61,318 கி.மீ. அந்தப் போட்டோவுக்கு அப்புறம் வருகிறேன்.

போகும்போது அவரே ஓட்டினார். கூட்டமில்லாத அகலச் சாலை, ஒரு சிக்னல்கூட இல்லை. ஐந்தாவது கியர் போட்டு, வேகம் 60-ல் நிலைத்த பிறகு, ஒரு கையை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டே இன்னொரு கையால் ட்ரிப் மீட்டரை அழுத்திப் பூஜ்ஜியமாக்கினார். "பழைய கணக்கு இதுல சேரக்கூடாதுல்ல சார்." நியாயமாகத்தான் பட்டது. திரும்பி வந்து நின்றபோது திரையில் சராசரி மைலேஜ் 24.6. அதையும் போட்டோ எடுத்தேன், வீட்டில் காட்ட.

வண்டி நிலையிலிருந்து நகர்வதற்கும் கியர் ஏறி வேகம் பிடிப்பதற்கும் ஆகிற டீசல்தான் பெரிய செலவு. அது முழுவதும் பூஜ்ஜியத்துக்கு முன்னாலேயே போய்விட்டது. சூடான என்ஜினும் ஒரே சீரான 60-ம் இருந்தால் எந்த டீசல் காரும் நல்ல எண்தான் காட்டும். அவர் காட்டியது பொய்யான எண் இல்லை, என் சாலைக்குச் சம்பந்தமில்லாத எண்.

கம்பெனி விளம்பரத்தில் போடும் மைலேஜும் ஏறக்குறைய இதே ஜாதி. அதைச் சாலையில் அளப்பதில்லை, ஆய்வுக்கூடத்தில் உருளைகள்மேல் சக்கரத்தைச் சுழல விட்டு அளக்கிறார்கள். ஐரோப்பாவில் 2017 வரை இருந்த பழைய சோதனையில் சராசரி வேகம் மணிக்குச் சுமார் 34 கி.மீ. அதற்குப் பிறகு வந்த டபிள்யூ.எல்.டி.பி. என்ற சோதனை கொஞ்சம் நேர்மையானது: 30 நிமிடம், 23 கி.மீ., சராசரி 46. ஏசி போடமாட்டார்கள். என் காலைப் பயணத்தின் சராசரி வேகம் 16, ஏசியும் உண்டு. அந்த எண்ணுக்கும் எனக்கும் என்ன உறவு?

வண்டியை எடுத்தபோது மீட்டர் 61,340. முதல் வாரத்திலேயே ஒன்று கவனித்தேன். வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகும் முன்னால் ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது. ஏதோ காய்ந்து கருகுவதுபோல ஒரு வாடை. சில நாள் சிக்னலில் நிற்கும்போது என்ஜின் வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாக உறுமும். போன் செய்து கேட்டேன். "டீசல் வண்டி அப்படித்தான் சார், பழகிடும்."

டேங்கை நிரப்பிக் கணக்குப் பார்த்தேன். பங்கில் டீசல் அடிக்கும் துப்பாக்கி 'டக்' என்று நிற்கும்வரை அடித்து, ஓட்டி, மறுபடி அதே மாதிரி 'டக்' வரும்வரை அடிப்பது. 231 கி.மீ. ஓடியிருந்தது, 18 லிட்டர் பிடித்தது. லிட்டருக்கு 12.8. பங்கிலேயே இரண்டு தடவை வகுத்துப் பார்த்தேன்.

மூன்றாவது வாரம், ஆபீஸ் போகும் வழியில், டேஷ்போர்டில் இரண்டு மஞ்சள் விளக்குகள் எரிந்தன. அடுத்த சிக்னல் தாண்டியதும் வண்டி இழுக்கவில்லை. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் மாட்டு வண்டி வேகம். பின்னால் ஹாரன் சத்தம் வேறு.

தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் எதையும் கழற்றவில்லை. முதலில் ஆயில் குச்சியை உருவினார். துடைத்து, விட்டு, மறுபடி உருவி என் முகத்துக்கு நேரே நீட்டினார். அதிகபட்சக் கோட்டுக்கு மேலே விரற்கடை அளவு ஆயில். "மோந்து பாருங்க தம்பி." டீசல் வாடை.

"ஆயில் குறைஞ்சாத்தானே அண்ணே பிரச்சினை?"

"ஏறினா அதைவிடப் பெரிய பிரச்சினை. தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுறீங்க?"

விற்றவர் காதில் விழாத பதிலை இவரிடம் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார்.

யூரோ 5 என்ற ஐரோப்பியப் புகை விதி 2009-ல் வந்ததிலிருந்து அங்கே புதிய டீசல் கார்களின் புகைப் பாதையில் டி.பி.எஃப். என்று ஒரு வடிகட்டி இருக்கும். என் வண்டியிலும் அது இருந்தது. கரித்துகளைப் பிடித்து வைப்பது அதன் வேலை. சேர்ந்த கரியை அவ்வப்போது எரித்துத் தீர்க்க வேண்டும், அதற்கு 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் ஓடுகிற வண்டியில் இது தானாக நடந்துவிடும். ஊருக்குள் ஓடுகிற வண்டியில் அந்தச் சூடு வராது என்பதால், கம்ப்யூட்டர் கூடுதலாக டீசலைத் தெளித்துச் சூடேற்றப் பார்க்கும். அது முடியப் பத்து, இருபது நிமிடம் நிற்காமல் ஓட்ட வேண்டும். நானோ அது தொடங்குகிற நேரத்தில் ஆபீஸ் வாசலில் வண்டியை அணைத்துவிட்டு இறங்கிப் போயிருக்கிறேன். மாலையில் மறுபடி தொடங்கும், மறுபடி அணைப்பேன். நான் கேட்ட ஃபேன் சத்தம், வாடை, உறுமல் எல்லாம் அதுதான். எரியாமல் போன டீசலில் கொஞ்சம் சிலிண்டர் ஓரமாக வழிந்து என்ஜின் ஆயிலில் கலந்திருக்கிறது. நீர்த்துப்போன ஆயிலில் ஓடினால் என்ஜின் உள்ளே தேயும். மைலேஜ் 12-க்கு இறங்கியதில் இதற்கும் பங்கு உண்டு.

சரி, இது வரை என்றால் மோசமான ஆலோசனை என்று விட்டுவிடலாம். அப்புறம்தான் மெக்கானிக் அண்ணன், காரின் கம்ப்யூட்டரில் பதிவானதைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகினார். இப்போதைய கார்களில் பெரும்பாலும் ஸ்டியரிங்குக்குக் கீழே அதற்கு ஒரு சாக்கெட் இருக்கிறது. பிழைக் குறியீடுகளைப் படித்துவிட்டு, அதை அழிக்காமல், இன்னொரு பக்கத்துக்குப் போனார். 'குறியீடுகள் அழிக்கப்பட்ட பின் ஓடிய தூரம்' என்று ஒரு வரி. அதில் 285 கி.மீ. அப்போது மீட்டரில் 61,602. கழித்துப் பாருங்கள்: 61,317. டெஸ்ட் டிரைவ் கிளம்பும் முன் நான் எடுத்த போட்டோவில் இருப்பது 61,318.

அதாவது நான் போய் நிற்பதற்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் யாரோ இதே மாதிரி ஒரு ஸ்கேனரைச் செருகி அழித்திருக்கிறார்கள். அழிக்க ஒரு நிமிடம் போதும், எரிந்துகொண்டிருந்த எச்சரிக்கை விளக்கும் அணைந்துவிடும். அதற்கு அப்புறம்தான் 'கொஞ்சம் ஓட்டி வைத்தது'.

இரண்டு போட்டோவையும் ஸ்கேனர் திரையின் படத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். கோபப்படக் கூடாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். அவர் படங்களைப் பார்க்கவே இல்லை. "வாங்குறப்போ விளக்கு எரிஞ்சுதா சார்?" இல்லை. "அப்புறம்? உங்க ஓட்டுல வந்தது." நான் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து, 'உள்ளது உள்ளபடி ஏற்றுக்கொள்கிறேன்' என்ற வரியைப் பேனாவால் தட்டிக் காட்டினார். அந்த வரியை நான் படித்துத்தான் கையெழுத்துப் போட்டேன். எல்லாத் தாளிலும் இருக்கிற வரிதானே என்று.

கிளம்பும்போது வாசலில் அவருடைய ஆள் ஒருவர் மெதுவாக வந்து, அந்த வடிகட்டியையே வெட்டி எடுத்துவிடலாம், பாதிச் செலவில் முடியும் என்றார். இதற்குத் தலையாட்டாதீர்கள். பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம், புகைச் சோதனையிலும் மாட்டலாம். உங்கள் வண்டிக்குப் பின்னால் நிற்பவர் மூச்சில் அந்தக் கரி போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஆயிலை மாற்றிக் கொடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டிவரச் சொன்னார். வண்டி பறந்தது. வாராவாரம் ஆபீஸுக்காக இப்படி ஒரு யாத்திரை போக முடியுமா?

அன்று ராத்திரி, வாங்கும் முன் போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போட்டேன். 14 கி.மீ.க்கு, லிட்டருக்கு 15 தரும் வண்டி 0.93 லிட்டர் குடிக்கும். 20 தரும் வண்டி 0.70 லிட்டர். வித்தியாசம் நாளைக்குக் கால் லிட்டர்கூட இல்லை. இந்தக் கால் லிட்டருக்கு ஆசைப்பட்டுத்தான் பெட்ரோல் வேண்டாமென்று சொன்னேன். ஓட்டம் குறைவாக இருப்பவர்களுக்கு மைலேஜ் எண் பெரிதாகத் தெரிகிற அளவுக்குப் பணம் பெரிதாக மிச்சமாவதில்லை. நாளைக்கு 100 கி.மீ. ஓட்டுபவருக்கு அதே வித்தியாசம் 1.67 லிட்டர், அவர் டீசலைப் பற்றி யோசிக்கலாம். சிக்னலில் நின்று நின்று போகிறவருக்குக் கட்டக்கூடியது ஹைபிரிட். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியில் ஒரு பங்கை அது பேட்டரிக்குத் திருப்பி எடுத்துக்கொள்ளும், நிற்கும்போது என்ஜின் அணைந்திருக்கும். விலை ஒத்துவராவிட்டால் சின்ன பெட்ரோல் வண்டி.

இரண்டாவது தடவை கார் பார்க்கப் போனபோது, நான் வரும்வரை என்ஜினைத் தொடக்கூடாது என்று முந்தின நாளே சொல்லிவிட்டேன். போனதும் பானட்டில் கை வைத்தேன். குச்சியை உருவினேன், மோந்தும் பார்த்தேன். அண்ணனின் ஸ்கேனரைக் கடன் வாங்கிப் போயிருந்தேன். அதைப் பையிலிருந்து எடுத்ததும் ஓர் இடத்தில் "இந்த வண்டி ஏற்கெனவே பேசி முடிஞ்சிடுச்சு சார்" என்றார்கள். இன்னோர் இடத்தில் செருக விட்டார்கள். அழித்த பின் ஓடிய தூரம் 9,000-க்கு மேல் இருந்தது, கார் தன்னைத்தானே சரிபார்க்கும் சோதனைகள் எல்லாம் முடிந்ததாகக் காட்டியது. குறியீட்டை அழித்தால் இந்தச் சோதனைகளும் 'முடியவில்லை' என்று மாறிவிடும், திரும்ப முடியச் சில நாள் ஓட்டம் வேண்டும். தூரம் காட்டாத வண்டிகளில் இதைப் பார்த்துக்கொள்ளலாம். டெஸ்ட் டிரைவை என் ஆபீஸ் வழியிலேயே, காலை நெரிசலில் ஓட்டினேன். விற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டு வந்தார். அந்தப் பெட்ரோல் வண்டிதான் இப்போது என்னிடம் இருக்கிறது. டேங்க் கணக்கில் 14.

டீசல் காரை, நடந்ததை முழுவதும் சொல்லி, ஸ்கேனர் படத்தையும் காட்டி, வேலைக்காக ஒரு பக்கத்துக்கே 80 கி.மீ. நெடுஞ்சாலையில் போகிற ஒருவருக்கு விற்றேன். எனக்கு நல்ல நஷ்டம். போன வாரம் அவர் போன் செய்தார். இத்தனை மாதத்தில் விளக்கு ஒரு தடவைகூட எரியவில்லையாம். மைலேஜ் 23 வருகிறதாம்.